வீடியோ கோச்: படம் ஓடிய இரவுப் பேருந்துகள்

வீடியோ கோச் என்பது 1980களில் தமிழ்நாட்டின் இரவுப் பேருந்துகள் தங்கள் பக்கவாட்டிலும் பின்கண்ணாடியிலும் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்ட பெயர். ஓட்டுநர் அறையைப் பிரிக்கும் தடுப்பின் மேல் ஒரு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி, அதன் அருகில் ஒரு டெக், நாலைந்து கேசட். ஒரு சாதாரணப் பேருந்தை வீடியோ கோச் ஆக்க இவ்வளவே போதும். நீண்ட விமானப் பயணத்தில் பொழுதுபோக்கப் படம் பார்ப்பது மேலை நாடுகளில் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வழக்கமாகிவிட்டது. சேலம், நாமக்கல் வட்டாரத்துப் பயணிகளில் பெரும்பாலோர் ஓடும் வண்டிக்குள் முழுப் படம் ஒன்றை முதலில் பார்த்தது விமானத்தில் அல்ல, சென்னைக்கும் பெங்களூருக்கும் போன இந்தப் பேருந்துகளில்தான்.

இந்த வட்டாரத்தில் தொலைதூரப் பயணம் என்றாலே முதலில் சூரமங்கலம். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிப் போடப்பட்ட ரயில் பாதை 1861இல் சேலத்தை எட்டியபோது, நிலையம் அமைந்தது பழைய நகரில் அல்ல, அதற்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளியிருந்த சூரமங்கலத்தில். இன்றைய சேலம் ஜங்ஷன் அதுதான். தனி நகராட்சியாக இருந்த சூரமங்கலம், 1994இல் சேலம் மாநகராட்சியான போது அதன் மண்டலங்களில் ஒன்றானது. 2007இல் தொடங்கிய சேலம் ரயில்வே கோட்டத்தின் தலைமையிடமும் இங்குதான். ஆனால் ஜங்ஷனில் நிற்கும் இரவு ரயில்களில் பல ஈரோட்டிலிருந்தோ கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்தோ புறப்பட்டு வருபவை. நடுவழி நிலையமான சேலத்துக்குக் கிடைக்கும் படுக்கை ஒதுக்கீடு அளவானதே. சேகோ, ஜவுளி, வெள்ளிக் கொலுசு வியாபாரிகளும், லாரித் தொழிலில் இருந்தவர்களும் நினைத்த நாளில் கிளம்ப வேண்டியவர்கள். ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் ஜங்ஷன் சாலையில் திரும்பி வந்து ஐந்து ரோட்டுப் பக்கம் ஆம்னி பஸ் டிக்கெட் கேட்பது வழக்கமானது. தென்னிந்தியாவின் பெரிய ஆம்னி பஸ் நிறுவனங்களில் ஒன்றான கே.பி.என். டிராவல்ஸ் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்ததற்கு இந்த ஊரின் இருப்பிடமும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். சென்னை ஏறத்தாழ 340 கிலோமீட்டர், பெங்களூர் 200, கோயம்புத்தூர் 165. இரவு ஏறினால் விடியலில் இறங்கும் தொலைவுகள் இவை.

பேருந்தில் படம் வந்ததற்குக் காரணம் ரசனை என்பதைவிட, பர்மிட் என்பதே பொருத்தம். 1970களின் தொடக்கத்தில் தமிழக அரசு பேருந்துத் தொழிலைப் பெருமளவு தன் கைக்குள் கொண்டுவந்தது. பல்லவன், சேரன், பாண்டியன் போக்குவரத்துக் கழகங்கள் 1972இல் வந்தன; சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகம் 1973இல் வந்தது. நீண்ட வழித்தடங்களில் ஊருக்கு ஊர் நின்று ஆள் ஏற்றும் உரிமை அரசுக் கழகங்களிடம் போனது. தனியாருக்குத் திறந்திருந்த வாசல் ஒப்பந்த ஊர்தி என்னும் பிரிவு. 1939 மோட்டார் வாகனச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 1988 சட்டத்திலும் இதன் இலக்கணம் ஏறக்குறைய ஒன்றே: வண்டி முழுவதும் ஓர் ஒப்பந்தத்துக்குள் அடங்கும், புறப்படும் இடத்தில் ஏறியவர்கள் சேரும் இடத்தில் இறங்குவார்கள், வழியில் புதிதாக யாரையும் ஏற்றக் கூடாது. சட்டம் ஆறு பேருக்கு மேல் ஏற்றும் எந்த வண்டியையும் ‘ஆம்னி பஸ்’ என்றே சொல்கிறது. மக்கள் வழக்கில் அந்தப் பெயர் இந்த ஒப்பந்த வண்டிகளுக்கு மட்டுமாகச் சுருங்கிவிட்டது.

நடைமுறையில் ஆளுக்கொரு டிக்கெட் விற்றுத்தான் இவை ஓடின. சட்டத்துக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் தீராத வழக்கு அதுவே. படத்துக்கு வேண்டியது ஒப்பந்த ஊர்தியின் இன்னொரு பக்கம். நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஏறி, ஆறேழு மணி நேரம் இடம் மாறாமல் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். கிட்டத்தட்ட அது ஒரு கொட்டகைக் கூட்டம். வழிநெடுக ஏறி இறங்கும் ரூட் பஸ்ஸில் இப்படி ஒரு கூட்டம் அமையவே அமையாது.

போட்டியும் சேர்ந்துகொண்டது. எல்லா நிறுவனங்களும் வாங்கியது அசோக் லேலண்ட் அல்லது டாட்டா சேசிஸ். பாடி கட்டியது பெரும்பாலும் கரூர்ப் பட்டறைகளில். லாரிக்கு நாமக்கல் எப்படியோ, பேருந்துக்குக் கரூர் அப்படி. ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே விடியல். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் வேறுபாடு காட்ட மிஞ்சியவை சாய்வு இருக்கை, ஜன்னல் திரை, உள்ளே எரியும் நீல விளக்கு, பிறகு வீடியோ.

விமான நிறுவனங்களும் இதே மாதிரியான நெருக்கடியில்தான் படத்தைப் பிடித்தன. வானில் படம் காட்டும் முயற்சி பழையது. 1921இல் சிகாகோவின் மேலே பறந்த ஏரோமரைன் நிறுவனத்தின் கடல் விமானம் ஒன்றில் அந்நகரைப் பற்றிய சிறு படம் காட்டப்பட்டது. 1925 ஏப்ரலில் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் ‘தி லாஸ்ட் வேர்ல்டு’ என்ற ஊமைப் படத்தைக் காட்டியது. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதை நினைத்தால், இதைத் துணிச்சல் என்பதைவிடப் பொறுப்பின்மை என்பதே சரி. இவையெல்லாம் விளம்பரக் காட்சிகள். ஒழுங்கான சேவை 1961 ஜூலை 19 அன்று டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்ஸ் நியூயார்க்–லாஸ் ஏஞ்சலிஸ் விமானத்தின் முதல் வகுப்பில் ‘பை லவ் பொசஸ்டு’ படத்தைத் திரையிட்டபோது தொடங்கியது. ஏற்பாட்டைச் செய்தவர் டேவிட் பிளெக்சர் என்ற திரையரங்க உரிமையாளர். முழுப் படமும் ஒரே சுருளில் அடங்கும்படி, 16 மில்லிமீட்டர் பிலிமைப் பெரிய வட்டில் சுற்றிப் படுக்கை வசத்தில் ஓடவிடும் கருவியை அவர் உருவாக்கினார். நடுவானில் ரீல் மாற்ற ஆள் வேண்டியதில்லை. 

அமெரிக்க உள்நாட்டு விமானக் கட்டணங்கள் 1978 வரை அரசு வாரியத்தின் கட்டுப்பாட்டில் இருந்தன. பன்னாட்டுக் கட்டணங்களை விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா முடிவு செய்தது. டிக்கெட் விலையைக் குறைத்து ஆள் பிடிக்க வழியில்லை. ஆகவே சாப்பாட்டிலும் படத்திலும் போட்டி நடந்தது. குறைந்த கட்டண வகுப்பில் தரும் சாண்ட்விச் எவ்வளவு எளிமையாக இருக்க வேண்டும் என்று 1958இல் நிறுவனங்களுக்குள் பெரிய சச்சரவே எழுந்தது. படம் வந்த பிறகு, அதை இலவசமாகக் காட்டுவதும் மறைமுகக் கட்டணக் குறைப்பே என்று சொல்லி, பன்னாட்டு விமானங்களில் காதுக் கருவிக்கு 2.50 டாலர் வசூலிக்க வைத்தது ஐயாட்டா. ஆம்னி பஸ்ஸில் படத்துக்குத் தனிக் காசு வாங்கும் வழக்கம் வரவில்லை. டிக்கெட்டில் அது கரைந்திருந்தது.

பேருந்துக்குப் பிலிம் புரொஜெக்டர் ஒத்துவராது. கேசட் வந்த பிறகே அது சாத்தியமானது. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. வண்ணப் பெட்டிகளும் அவற்றோடு வீடியோ கேசட் ரெக்கார்டர்களும் நாட்டுக்குள் பெருகின. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்த கருவிகள் சென்னை பர்மா பஜார் வழியாகக் கைமாறின. தமிழில் அதற்குப் பெயர் டெக். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்றால் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுவது ஊர்தோறும் பரவியது. தூர்தர்ஷனில் தமிழ்ப் படம் வாரத்துக்கு ஒன்று என்றிருந்த காலம் அது. டெக் வாடகைக்குக் கொடுத்த கடைகளே பேருந்துகளுக்கும் கேசட் கொடுத்தன.

வண்டிக்குள் அதை ஓட்டுவது வீட்டில் ஓட்டுவதுபோல் எளிதல்ல. பேருந்தின் பேட்டரி தருவது 12 அல்லது 24 வோல்ட் நேர் மின்னோட்டம். டிவிக்கும் டெக்குக்கும் வேண்டியது 230 வோல்ட் மாறு மின்னோட்டம். இடையில் இன்வெர்ட்டர் வைக்க வேண்டும். சாலைக் குழியில் வண்டி இறங்கி ஏறும்போது டெக்கின் ஹெட் அதிரும், படம் கோடு கோடாக இழுக்கும். தூசி படிந்தால் ஹெட்டைத் துடைக்க வேண்டும். அது கிளீனரின் வேலையாகிவிட்டது. பல கை மாறிய கேசட்டில் நிறம் வெளிறி, முகம் மட்டும் தெரியும். கனமான கண்ணாடிக் குழாய்ப் பெட்டி நழுவாமலிருக்க இரும்புச் சட்டம் அடித்துப் பொருத்தினார்கள். முன்வரிசைக்காரர் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். கடைசி வரிசைக்காரருக்கு வசனம் மட்டுமே. நடு வரிசை டிக்கெட் முதலில் தீர்ந்ததற்குச் சக்கரத்தின் மேல் உட்கார வேண்டாம் என்பதோடு இதுவும் ஒரு காரணம்.

இரவு ஒன்பது, பத்து மணிக்குப் புறப்படும் வண்டியில் ஊர் எல்லை தாண்டியதும் படம் தொடங்கும். இரண்டரை மணி நேரப் படம். சென்னை வண்டி ஆத்தூர் வழியாக உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் போய் டீக்கு நிற்பதற்குள் முடிந்துவிட்டால் கணக்கு சரி; முடியாவிட்டால் உச்சக்கட்டத்தில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போக வேண்டும். கொட்டகையில் இடைவேளை இயக்குநர் வைத்த இடத்தில் வரும், பேருந்தில் ஓட்டுநர் நிறுத்திய இடத்தில் வந்தது. எந்தப் படம் என்பதையும் பயணி முடிவு செய்வதில்லை. கிளீனர் கையில் இருந்ததே படம். மசாலாப் படங்களும் குடும்பப் படங்களுமே அதிகம் ஓடின. நாற்பது பேரில் யாரும் முகம் சுளிக்காத படம் வேண்டுமே. டீக்கு நின்ற பிறகு இரண்டாவது கேசட் போடலாமா, விளக்கணைத்துத் தூங்கலாமா என்று நடக்கும் வாக்குவாதம் வீடியோ கோச்சின் மாறாத காட்சி. ஒரே திரை, ஒரே ஒலிபெருக்கி. பார்க்க விரும்பாதவர் கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூட முடியாது. விமானத்தில் 1960களிலேயே ஆளுக்கொரு காதுக் குழாய் கொடுத்து இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டார்கள். ஆம்னி பஸ் கடைசிவரை தீர்க்கவில்லை.

படம் எடுத்த ஊரும் சேலமே என்பது இங்கே ஒரு சிறு முரண். டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில் இருந்தது. 1937இல் ‘சதி அகல்யா’ தொடங்கி, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) உட்பட நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. வீடியோ கோச் சாலைக்கு வந்த நேரத்தில் அந்த ஸ்டுடியோவின் படத் தயாரிப்பு ஓய்ந்துவிட்டது. இன்று மிஞ்சியிருப்பது அதன் முகப்பு வளைவு.

திரையரங்க உரிமையாளர்களும் தயாரிப்பாளர்களும் டெக்கைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தார்கள். அரசுக்கும் கேளிக்கை வரி போயிற்று என்ற கவலை. தமிழக அரசு 1984இல் வீடியோ கேசட் ரெக்கார்டர் வழியாகத் தொலைக்காட்சித் திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே இயற்றி, உரிமம் இல்லாத காட்சிகளைத் தடை செய்தது. அதே ஆண்டு மத்திய அரசு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது: வீடியோ படமும் திரைப்படத்துக்குள் அடங்கும், கேசட்டின் மேல் உரிமையாளர் விவரமும் தணிக்கைச் சான்றும் இருக்க வேண்டும், திருட்டுக்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம். டெக்கும் டிவியும் சட்டத்தின் பார்வையில் ‘சினிமா காட்டும் கருவி’தானா என்ற கேள்வி பல மாநில உயர் நீதிமன்றங்களைச் சுற்றி, 1993இல் ஹரியானா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றத்தால் ஆம் என்று முடிக்கப்பட்டது.

வீட்டில் பார்ப்பதற்கென்று விற்ற கேசட்டை டிக்கெட் வாங்கிய நாற்பது பேருக்குக் காட்டுவது பொதுக் காட்சி. அதற்குத் தனி உரிமை வேண்டும். விமான நிறுவனங்கள் அந்த உரிமையைப் பணம் கொடுத்து வாங்கின. அதனால்தான் வீட்டு வீடியோவுக்கு முன்பே புதுப் படம் விமானத்துக்கு வந்தது. கூடவே விபத்துக் காட்சிகளை வெட்டிய தனிப் பிரதியும் வந்தது. ஆம்னி பஸ் உலகம் இந்த வழிக்குப் பெரும்பாலும் வரவே இல்லை. வாடகைக் கேசட், பிறகு தெருவோரச் சிடி என்றே அது ஓடியது. புதுப்படம் பேருந்தில் ஓடுகிறது என்ற புகார் தயாரிப்பாளர்களிடமிருந்து ஆண்டுதோறும் எழுந்தது. தமிழகக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004இல் வீடியோ திருடர்களும் சேர்க்கப்பட்டதற்குப் பின்னணி இத்தகைய புகார்களின் நீண்ட வரிசை. 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் முறையான விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றபோது திருட்டுக்கு விலைக் காரணம் குறைந்தது. பேருந்தில் காட்டும் உரிமை அப்போதும் அந்த விலைக்குள் இல்லை.

ஊருக்கு ஊர் நிற்கும் தனியார் ரூட் பஸ்கள் சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரத்தில் அரசுக் கழகங்களுக்குப் பக்கத்திலேயே பிழைத்து நின்றன. அவற்றிலும் டிவி வந்தது. ஆனால் ஓடியது வேறு. ராசிபுரத்தில் ஏறி நாமக்கல்லில் இறங்குபவருக்கு முழுப் படம் பயன்படாது. அங்கே பாட்டும், கவுண்டமணி–செந்தில், வடிவேலு நகைச்சுவைத் துண்டுகளும் ஓடின. ஒரு துண்டு ஐந்து நிமிடம், அடுத்த நிறுத்தத்துக்குள் முடியும். ஒப்பந்த பர்மிட்டுக்கு முழுப் படம், ரூட் பர்மிட்டுக்குப் பாட்டும் காமெடியும் என்று நிகழ்ச்சி நிரலைக்கூடப் பர்மிட்டே வகுத்தது. எந்த வண்டியில் பாட்டு நன்றாக இருக்கும் என்று பார்த்து ஏறும் பழக்கம் இந்த வட்டாரத்துக் கல்லூரி மாணவர்களிடம் இன்றும் உண்டு.

வீடியோ கோச்சின் கவர்ச்சி குறைந்தது ஒரே நாளில் அல்ல. 1993இல் சன் டிவி வந்து வீட்டிலேயே தினமும் படம் ஓடத் தொடங்கியதும் புதுமை போயிற்று. 1990களின் கடைசியில் கேசட்டின் இடத்துக்கு விசிடி வந்தது. பின்னர் டிவிடி, பென் டிரைவ், தட்டைத் திரை. தரம் உயர உயர ஆர்வம் தாழ்ந்தது. உளுந்தூர்ப்பேட்டைச் சாலை நான்கு வழியானதும் பயண நேரம் சுருங்கியது. படுக்கை வசதிப் பேருந்துகள் பெருகியபோது பொதுத் திரைக்கே இடமில்லாமல் போனது. திரைச்சீலை மூடிய தனித்தனிப் படுக்கைகளுக்கு எந்தச் சுவரில் டிவி மாட்டுவது? 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் விழுந்தபின் படம் கைபேசிக்குள் போய்விட்டது. தூங்குகிறவர் தூங்கலாம், பார்க்கிறவர் பார்க்கலாம். டீக்கடை வாக்குவாதமும் முடிந்தது.

விமானத்திலும் பொதுத் திரை இப்படியே மறைந்தது, சற்று முன்னதாக. 1988இல் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் 747 விமானத்தில் இருக்கை முதுகில் 2.7 அங்குலத் திரைகள் சோதிக்கப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் எமிரேட்ஸும் வர்ஜின் அட்லாண்டிக்கும் எல்லா வகுப்புகளுக்கும் தனித்திரை கொடுத்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் விரும்பிய படத்தை விரும்பிய நேரத்தில் தொடங்கும் வசதியும் வந்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. 1998 செப்டம்பர் 2 அன்று கனடாக் கடற்கரை அருகே விழுந்த சுவிஸ்ஏர் 111 விமானத்தில் 229 பேர் இறந்தார்கள். பொழுதுபோக்குக் கருவிகளுக்கான மின்கம்பியில் ஏற்பட்ட பொறி, எளிதில் எரியும் காப்புப் பொருளில் பற்றியிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் கொழும்புக்கும் போகும் விமானங்களின் பட்டியலில் தமிழ்ப் படங்களும் இடம்பெறுகின்றன. குறுகிய தூர நிறுவனங்கள் எதிர்த்திசையில் போயின. ஒரு திரையின் எடையும் எரிபொருள் செலவுதான் என்று கணக்குப் போட்டு இருக்கைத் திரைகளை நீக்கின, அல்லது வைக்கவே இல்லை.

சேலத்து விமான நிலையம் அந்தக் குறுகிய தூர உலகத்தைச் சேர்ந்தது. ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள இதில் 1993இல் சேவை தொடங்கி நின்றது; 2009இல் கிங்பிஷர் வந்து 2011இல் போனது; 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்து 2021இல் நின்றது; 2023 அக்டோபரில் மீண்டும் விமானங்கள் வந்தன. இங்கே இறங்குபவை ஏடிஆர் வகைச் சிறு விமானங்கள். அவற்றில் திரை கிடையாது. சென்னைக்குப் பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி. ஒரு தமிழ்ப் படத்தின் இடைவேளைகூட அதற்குப் பிறகுதான் வரும்.